சிரிப்பில் எழுந்த சினம்



1907ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 26ஆம் நாள் சனிக்கிழமை இரவு, அயர்லாந்தின் தலைமை நகரமாகிய டப்ளினில், ஒரு சிறிய நாடக அரங்கில் ஒரு புதிய நாடகம் அரங்கேறியது. அது மூன்று அங்கங்கள் கொண்ட நகைச்சுவை நாடகம். முதல் அங்கம் முடிந்தது, அவையோர் மகிழ்ந்தனர். அரங்கின் பொறுப்பாளருள் ஒருவராகிய கிரிகரி சீமாட்டியார், சொற்பொழிவாற்ற ஸ்காட்லாந்து சென்றிருந்த தம் நண்பர் கவிஞர் யேட்ஸுக்கு, நாடகம் பெருவெற்றி என்று தந்தி கொடுத்தார். அதே இரவில் அவ்வம்மையார் இரண்டாவது தந்தி ஒன்றும் கொடுக்க நேர்ந்தது. அவையோர் குழப்பம் விளைத்துக் கலைந்தனர் என்பது அதன் செய்தி. ஒரே இரவில், ஒரே கூரையின் கீழ், ஒரே மக்கள் முதலில் சிரித்தனர், பின்னர்ச் சீறினர். இஃது எவ்வாறு நிகழ்ந்தது? இவ்வினாவுக்கு விடை காண்பதே இன்றைய பேச்சின் நோக்கம்.

நாடகத்தின் பெயர், ‘மேற்றிசை உலகின் விளையாட்டுக்காரன்’ என்று தமிழில் சொல்லத்தக்கது. எழுதியவர் ஜான் மில்லிங்டன் ஸிங் என்பவர். நடத்தியது அபி நாடக அரங்கு. குடும்பம் ஒன்று உள்ளே சிதைந்து கிடப்பதையும், தந்தையும் மகனும் ஒருவரையொருவர் அடித்து வீழ்த்தும் கொடுமையையும் எடுத்துக்கொண்டு, அதனை அழுகையாக்காமல் சிரிப்பாக்கிக் காட்டும் நாடகம் இது. இவ்வகை நகைச்சுவை இனிப்பும் கசப்பும் கலந்தது. சிரித்து முடித்தபின், ‘எதற்காகச் சிரித்தோம்?’ என்ற எண்ணம் நெஞ்சை உறுத்தும். அவ்வுறுத்தலே இதன் உயிர்.

முதலில் அரங்கைப் பற்றிச் சில சொல்ல வேண்டும். அக்காலத்தில் அயர்லாந்து ஆங்கில ஆட்சிக்கு அடங்கிய நாடு. டப்ளின் நகரத்துப் பெரிய அரங்குகளில் இங்கிலாந்திலிருந்து வந்த குழுக்களே பெரும்பாலும் நடித்துவந்தன. அந்நாடகங்களில் அயர்லாந்துக்காரன் ஒருவன் வந்தால், அவன் குடிகாரனாகவோ கோமாளியாகவோ இருப்பான்; உளறுவான்; அடிதடியில் இறங்குவான்; அவையோர் கைகொட்டிச் சிரிப்பர். தம் இனத்தைப் பிறர் இவ்வாறு எள்ளி நகையாடுவதைக் கண்டு மனம் நொந்த சிலர், 1899இல் ஐரிஷ் இலக்கிய நாடகக் கழகத்தைத் தொடங்கினர். யேட்ஸ், கிரிகரி சீமாட்டியார், எட்வர்டு மார்ட்டின் ஆகியோர் அதன் முன்னோடிகள். அயர்லாந்து கோமாளிக்கூத்தின் இருப்பிடம் அன்று என்பதை உலகுக்குக் காட்டுவோம் என்பது அவர்கள் அன்று கொடுத்த வாக்குறுதி. இவ்வாக்குறுதியை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னர் இது நமக்குப் பயன்படும்.

எழுதுவோர் கிடைத்தனர், நடிப்போர் வேண்டுமன்றோ? ஃபிராங்க் ஃபே, வில்லியம் ஃபே என்னும் உடன்பிறந்தார் இருவர் டப்ளினில் ஒரு சிறு நாடகக் குழுவை நடத்திவந்தனர். அண்ணன் அலுவலகத்தில் எழுத்தராகப் பணியாற்றியவர், தம்பி மின்தொழிலாளி. பகலெல்லாம் பிழைப்புக்காக உழைத்துவிட்டு இரவில் கூடி ஒத்திகை பார்க்கும் உள்ளூர் மக்களே அக்குழுவினர். 1902இல் அவர்கள் யேட்ஸின் நாடகம் ஒன்றை நடித்தனர். அயர்லாந்தைத் தாயாக உருவகித்து, அவளுக்காக இளைஞன் ஒருவன் மணவாழ்வைத் துறந்து போர்க்களம் செல்வதைக் காட்டும் நாடகம் அது. நாட்டுப்பற்று மிக்க இளைஞர் அதனைக் கண்டு உள்ளம் பொங்கினர்.

ஆன்னி ஹார்னிமன் என்னும் ஆங்கில மாது பொருளுதவி செய்ய, அபித் தெருவிலிருந்த பழைய கூடம் ஒன்றும், அதனை அடுத்துப் பிணங்களைப் பாதுகாத்து வைப்பதற்காக இருந்த கட்டடமும் இணைத்துச் செப்பனிடப்பட்டன. 562 பேர் அமரத்தக்க அவ்வரங்கு 1904 டிசம்பர் 27ஆம் நாள் திறக்கப்பெற்றது. அங்கே நடிப்பில் ஒரு புதுமுறை வளர்ந்தது. ஒருவர் பேசும்போது மற்றவர் அசையாது நிற்க வேண்டும்; தேவையின்றிக் கையை வீசுதல் கூடாது; சொல்லே தலைமை பெற வேண்டும் என்பது அம்முறை. நடிகர்களைப் பீப்பாய்களுக்குள் நிறுத்தி ஒத்திகை பார்த்தால் கைகால் அசைவை மறந்து சொல்லில் கருத்தூன்றுவார்கள் என்று யேட்ஸ் ஒருமுறை கூறியதுண்டு.

இனி ஆசிரியரைக் காண்போம். ஸிங் 1871 ஏப்பிரல் 16ஆம் நாள் டப்ளினை அடுத்த ராத்ஃபார்னம் என்னும் ஊரில் பிறந்தார். அவர் குழந்தையாய் இருந்தபோதே தந்தை மறைந்தார். சமயப்பற்று மிக்க தாயாரின் வளர்ப்பில் வளர்ந்தார். டிரினிட்டி கல்லூரியில் பயின்றபின் இசை கற்க ஜெர்மனி சென்றார். பின்னர் இலக்கியத்தில் ஈடுபட்டுப் பாரிஸ் நகரில் வாழ்ந்தார். 1896இல் அங்கே அவரைச் சந்தித்த யேட்ஸ், பாரிஸை விட்டு அயர்லாந்தின் மேற்கே கடலில் கிடக்கும் ஆரன் தீவுகளுக்குச் சென்று, அம்மக்களோடு மக்களாக வாழுமாறு அறிவுரை கூறினார். 1898 முதல் 1902 வரை ஐந்து முறை ஸிங் அத்தீவுகளுக்குச் சென்றார். கல்லும் காற்றும் நிறைந்த அம்மண்ணில் மீனவர் குடிசைகளில் தங்கி, அவர்கள் மொழியைக் கற்று, அவர்கள் சொன்ன கதைகளைக் குறித்துக்கொண்டார்.

அக்கதைகளுள் ஒன்று நம் நாடகத்துக்கு வித்தாயிற்று. கன்னாட் பகுதியைச் சேர்ந்த ஒருவன் ஆத்திரத்தில் மண்வெட்டியால் தன் தந்தையை அடித்துக் கொன்றுவிட்டான். ஓடி வந்து தீவினரிடம் அடைக்கலம் புகுந்தான். காவலர் வந்து தேடினர். பரிசு தருவதாகவும் கூறினர். ஆயினும் தீவினர் அவனைக் காட்டிக்கொடுக்கவில்லை. மறைத்து வைத்திருந்து, பின்னர் அமெரிக்காவுக்குக் கப்பலேற்றிவிட்டனர். ஏன் இவ்வாறு செய்தனர்? ஸிங் இரண்டு காரணங்களைக் காண்கிறார். சட்டம் என்பது அயலார் ஆட்சியின் கருவி என்று அம்மக்கள் எண்ணியது ஒன்று. பெற்ற தந்தையைக் கொல்லும் அளவுக்கு ஒருவன் சென்றான் என்றால், அவன் தன்னை அடக்கமுடியாத வெறியில்தான் அதனைச் செய்திருப்பான்; கடலில் வீசும் புயலுக்கு யார் பொறுப்பு? அதுபோலத்தான் அவ்வெறியும் என்று அம்மக்கள் கருதியது மற்றொன்று. இரக்கமும் அறியாமையும் இதில் எவ்வளவு பின்னிக் கிடக்கின்றன, பாருங்கள்.

ஸிங் இக்கதையை அப்படியே நாடகமாக்கவில்லை; அதனைத் தலைகீழாகத் திருப்பினார். உண்மைக் கதையில் தந்தை இறந்தான். மக்கள் கொலையாளிக்கு இரங்கினர். நாடகத்திலோ தந்தை இறக்கவே இல்லை; மக்கள் மகனைக் கொலையாளி என்று எண்ணிக் கொண்டாடுகின்றனர்! இந்தத் திருப்பத்தில்தான் நகைச்சுவை பிறக்கிறது.

கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மேயோ மாவட்டத்தின் கடற்கரையில் ஒரு குடிக்கடை. அதன் உரிமையாளர் மைக்கேல் ஜேம்ஸ். அவர் மகள் பெகீன், துடுக்கான பேச்சும் துணிவும் உடைய இளநங்கை. ஊரில் ஓர் இழவுவீடு. அங்கே இரவெல்லாம் குடிக்கலாம் என்ற ஆவலில், தந்தை மகளை இருளில் தனியே விட்டுச் செல்லத் துணிகிறார். அவளை மணக்க இருக்கும் ஷான் கியோ என்பவனோ, துணைக்கு இருக்கச் சொன்னால், பாதிரியார் என்ன சொல்வாரோ என்று அஞ்சி நடுங்குகிறான். அந்நேரத்தில் அழுக்கும் களைப்புமாக ஓர் இளைஞன் உள்ளே நுழைகிறான். அவன் பெயர் கிறிஸ்டி மாகன். எதற்காகவோ அஞ்சி ஓடிவந்தவன் என்று அறிந்து எல்லாரும் அவனைத் துளைத்துக் கேட்கின்றனர். முடிவில், தன் தந்தையை மண்வெட்டியால் அடித்துக் கொன்றுவிட்டதாக அவன் கூறுகிறான். கேட்டவர் அருவருத்து விலகினாரா? இல்லை. இவனன்றோ வீரன் என்று வியந்தனர்! இவ்வளவு துணிவுடையவன் இருந்தால் வீட்டுக்குக் காவல் என்று சொல்லி, மைக்கேல் அவனைக் கடைவேலைக்கு அமர்த்திக்கொண்டு இழவுவீட்டுக்குப் புறப்பட்டுவிடுகிறார்.

மறுநாள் ஊர்ப் பெண்கள் முட்டையும் வெண்ணெயும் கோழியும் காணிக்கையாக எடுத்துக்கொண்டு அவனைப் பார்க்க வருகின்றனர். ஒவ்வொரு முறை சொல்லும்போதும் கிறிஸ்டியின் கதை வளர்கிறது. அடியின் வேகம் கூடுகிறது. அவன் முதுகும் நிமிர்கிறது. அவ்வேளையில் தலையில் கட்டுப்போட்டுக்கொண்டு, இறந்ததாகச் சொல்லப்பட்ட தந்தையே தேடிக்கொண்டு வருகிறார்! குயின் என்னும் கைம்பெண் ஒருத்தி அவரைத் திசைமாற்றி அனுப்பிவிடுகிறாள். மூன்றாம் அங்கத்தில் கடற்கரையில் பந்தயங்கள் நடக்கின்றன. புகழால் ஊக்கம் பெற்ற கிறிஸ்டி எல்லாவற்றிலும் வெல்கிறான். பெகீன் அவனை மணக்க இசைகிறாள். அப்போது தந்தை மீண்டும் வந்து, ஊரார் முன்னிலையில் மகனைப் புடைக்கிறார். ‘நீ கொல்லவே இல்லையா? பொய்யனா?’ என்று ஊரே அவனை இகழ்கிறது. இழந்த பெருமையை மீட்க எண்ணிய கிறிஸ்டி, மண்வெட்டியை எடுத்துக்கொண்டு தந்தையை வெளியே துரத்தி இரண்டாம் முறை அடித்து வீழ்த்துகிறான்.

இப்போது ஊர் என்ன செய்தது? முன்பு கதையாகக் கேட்டு வியந்த அதே செயலைத் தம் கொல்லைப்புறத்தில் கண்ணாரக் கண்டவுடன், அவனைக் கயிற்றால் கட்டித் தூக்குமரத்துக்கு அனுப்ப முற்படுகிறது. காதலித்த பெகீனே கனலும் கட்டியை எடுத்து அவன் காலைச் சுடுகிறாள். வீரக்கதைக்கும் இழிசெயலுக்கும் இடையே பெரும் பள்ளம் உண்டு என்பதை அவள் உணர்ந்துகொள்கிறாள். அந்நேரத்தில் அடிபட்ட தந்தை மீண்டும் தவழ்ந்து வருகிறார், இம்முறையும் சாகவில்லை. தந்தையும் மகனும் ஒன்றாகப் புறப்படுகின்றனர். ஆனால், இனி ஆணையிடுபவன் மகன், பின்செல்பவர் தந்தை. உண்மையான ஒரே வீரனை இழந்துவிட்டேன் என்று பெகீன் புலம்பத் திரை விழுகிறது.

இந்நாடகத்தில் நலமான குடும்பம் ஒன்றேனும் உண்டா என்று நான் தேடிப்பார்த்தேன்; கிடைக்கவில்லை. கிறிஸ்டியின் தந்தை பெருங்குடியர். அவர் பெற்ற மற்றப் பிள்ளைகள் பல நாடுகளுக்குச் சிதறி, இருக்குமிடத்திலிருந்தே அவரைச் சபிக்கின்றனர். எஞ்சிய ஒரு மகனையும், பொருளுக்காக, அவனுக்குக் குழந்தைப்பருவத்தில் பாலூட்டிய முதிய கைம்பெண்ணுக்கே மணமுடிக்கப் பார்க்கிறார். முதல் அடி விழுந்ததற்குக் காரணம் அதுவே. பெகீனின் தந்தையோ மகளைவிட மதுவைப் பெரிதாக மதிப்பவர். குயின் என்பவள் தன் அடியால் கணவன் சாகக் காரணமானவள். பெற்ற குழந்தைகளையும் புதைத்துவிட்டுத் தனித்து வாழ்பவள். இவற்றைப் பட்டியலாக எழுதினால் கண்ணீர்க் கதை. ஸிங் எழுதினால் சிரிப்பு. ஏன்? யாரும் தம் துயரத்தைத் துயரமாகச் சொல்லவில்லை, பெருமையாகச் சொல்கின்றனர். அவல நிலைக்கும் அலங்காரப் பேச்சுக்கும் உள்ள பொருத்தமின்மையே சிரிப்பின் ஊற்று.

நகை பிறக்கும் நிலைக்களங்களாக எள்ளுதல், இளமை, அறியாமை, மடமை ஆகிய நான்கினைத் தொல்காப்பியர் வகுத்துள்ளார். அதனைக் கற்ற மாணவர்க்கு இந்நாடகம் புதிதாகத் தோன்றாது. கிறிஸ்டியிடம் இளமை, ஊராரிடம் அறியாமை, ஷானிடம் மடமை, இவர்கள் எல்லாரையும் படைத்த ஆசிரியரிடம் எள்ளல். நான்கும் ஒருங்கே அமைந்த நாடகம் இது எனலாம்.

இனி அந்த வாரத்தில் நிகழ்ந்தவற்றைச் சொல்கிறேன். முதல் நாள் இரவு மூன்றாம் அங்கத்தில் கிறிஸ்டியின் பேச்சில், பெண்களின் உள்ளாடையைக் குறிக்கும் எளிய சொல் ஒன்று வந்தது. அச்சொல்லைக் கேட்டதும் அவையில் சீற்றம் கிளம்பியது. கிறிஸ்டியாக நடித்த வில்லியம் ஃபே, நூலில் பொதுவாக இருந்த பெண்களை மேயோ நாட்டுப் பெண்கள் என்று மாற்றிச் சொல்லிவிட்டார் என்றும், அதனால் சினம் மிகுந்தது என்றும் கூறுவர். திங்கட்கிழமை இரண்டாவது முறை நாடகம் தொடங்கியபோது, குழப்பம் செய்வதற்கென்றே பலர் வந்திருந்தனர். காலால் தரையை உதைத்தனர், கூவினர், ஊதினர். நடிகர் வாய் அசைந்தது, சொல் கேட்கவில்லை. ஊமைக்கூத்தாகவே நாடகம் நடந்தது. ஆயினும் அவர்கள் நிறுத்தவில்லை. பீப்பாய்க்குள் நிறுத்தியேனும் சொல்லைக் காக்க விரும்பிய அரங்கில், சொல் ஒன்றைத் தவிர மற்றெல்லாம் நடந்தது.

செவ்வாய்க்கிழமை யேட்ஸ் திரும்பி வந்தார். அரங்கினுள் காவலர் நிறுத்தப்பட்டனர். நாடகத்துக்கு ஆதரவாக அழைத்துவரப்பட்ட டிரினிட்டி கல்லூரி மாணவர் சிலர், ஆங்கில அரசரை வாழ்த்தும் பாடலைப் பாடி, எரிகிற நெருப்பில் எண்ணெயை ஊற்றினர். குழப்பம் செய்தவருள் சிலர் பிடிக்கப்பட்டு நீதிமன்றத்தில் தண்டம் விதிக்கப்பெற்றனர். செய்தித்தாள்கள் நாடகத்தை, ஐரிஷ் உழவர்மீதும் அவர்தம் பெண்மக்கள்மீதும் சுமத்திய பழி என்று தாக்கின. விடுதலை இயக்கத் தலைவர் ஆர்தர் கிரிஃபித்தும் தம் இதழில் கண்டித்தார். இத்தனைக்கும் இடையே, அறிவித்தபடி அந்த வாரம் முழுவதும் நாடகம் நடந்தது. சனிக்கிழமை இரவு கடைசிக் காட்சியும் முடிந்தது.

பிப்ரவரி 4ஆம் நாள் திங்கட்கிழமை, அதே அரங்கில் யேட்ஸ் ஒரு பொதுவிவாதத்தைக் கூட்டினார். பகைவரும் நண்பரும் வந்து பேசலாம் என்று கதவைத் திறந்துவிட்டார். நாட்டுத் தாயைப் பற்றிய நாடகத்தை எழுதியவனே உங்கள்முன் நிற்கிறேன் என்று அவர் நினைவூட்டியபோது, எதிர்த்தவர்களும் ஆரவாரம் செய்தனர். யேட்ஸின் தந்தையாராகிய ஓவியர் ஜான் பட்லர் யேட்ஸும் மேடையேறி நாடகத்துக்காக வாதாடினார். தந்தையும் மகனும் முரணி நிற்கும் ஒரு நாடகத்துக்காக, தந்தையும் மகனும் ஒரே மேடையில் ஒன்றுபட்டு நின்றனர்! ஆசிரியர் ஸிங்கோ அன்று நோயுற்றுப் படுத்திருந்தார்.

நண்பர்களே, எதிர்த்தவர்களை அறிவிலிகள் என்று ஒதுக்கிவிடுதல் எளிது. அது நேர்மையாகாது என்பது என் கருத்து. அவர்கள் பக்கத்து நியாயத்தையும் எடைபோட வேண்டும். தாம் குடிகாரர் என்றும் முரடர் என்றும், ஆகவே தம்மைத் தாமே ஆளத் தகுதியற்றவர் என்றும் ஆளுவோர் சொல்லி வருவதைக் கேட்டுக் கேட்டுப் புண்பட்ட மக்கள் அவர்கள். கோமாளிக்கூத்தை ஒழிப்போம் என்று உறுதி கூறிய அரங்கே, குடிகாரரையும் தந்தையை அடித்தவனையும் மேடையேற்றினால் அவர்கள் என்ன நினைப்பார்கள்? கொடுத்த வாக்கை மீறினார்கள் என்றுதானே நினைப்பார்கள்? அரங்குக்குப் பொருள் கொடுத்தவர் ஆங்கிலேயர். நாடகம் எழுதியவர் நிலக்கிழார் வழிவந்த புராட்டஸ்டன்டு வகுப்பினர். எழுதப்பட்டவரோ ஏழைக் கத்தோலிக்க உழவர். இந்த வேறுபாடும் அவர்கள் ஐயத்தை வளர்த்தது.

ஆனால், அவர்கள் ஒன்றைக் காணத் தவறினர். பழைய கோமாளிக்கூத்தில் அயர்லாந்துக்காரனைக் கண்டு சிரித்தவர் அவனைவிடத் தம்மை உயர்ந்தவராக எண்ணினர். ஸிங்கின் நாடகத்திலோ அப்படி எண்ணுவதற்கு இடமில்லை. கிறிஸ்டி கோமாளியாகத் தொடங்கி மனிதனாக முடிகிறான். அஞ்சி நடுங்கிய பிள்ளை, பிறர் தன்னைப் பாராட்டிய ஒரே காரணத்தால் பாடத் தொடங்குகிறான்; ஓடத் தொடங்குகிறான்; காதலிக்கத் தொடங்குகிறான். கதை பொய்யாயினும் அது தந்த ஊக்கம் மெய்யாயிற்று. வீட்டில் ஒருநாளும் நற்சொல் கேளாமல் வளர்ந்த பிள்ளை, வெளியே முதன்முதலாகக் கேட்கும் நற்சொல்லுக்கு எவ்வளவு ஏங்குவான் என்பதை இதைவிட நன்றாகக் காட்டிய நாடகத்தை நான் படித்ததில்லை.

அவன் பேசும் மொழியும் எள்ளுவதற்காகப் புனைந்தது அன்று. நாட்டுப்புற மக்கள் வாயில் கேளாத சொற்கள் தம் நாடகத்தில் மிகச் சிலவே என்று ஸிங் முன்னுரையில் கூறுகிறார். விக்லோ பகுதியில் ஒரு பழைய வீட்டில் தங்கியிருந்தபோது, தம் அறையின் தரைப்பலகையில் இருந்த பிளவின் வழியே, கீழே சமையலறையில் பணிப்பெண்கள் பேசுவதைக் கேட்டுப் பயன்பெற்றதையும் அங்கே குறிப்பிடுகிறார். ஐரிஷ் மொழியின் வாக்கிய அமைப்பில் ஆங்கிலச் சொற்கள் வந்து அமர்ந்த நடை அது. கொச்சை என்று கற்றவர் ஒதுக்கிய பேச்சில் கவிதை இருப்பதை அவர் செவி கண்டுகொண்டது.

அப்படியானால், சிரித்தவர் சீறியது ஏன்? எனக்குத் தோன்றும் விடை இது. நாடகத்துக்குள் ஊரார் செய்ததையே அரங்கில் அவையோரும் செய்தனர். தொலைவில் நடந்த கொலை கதையாக இருந்தவரையில் மேயோ ஊரார் அதனைச் சுவைத்தனர். கண்ணெதிரே நடந்தவுடன் வெறுத்தனர். டப்ளின் அவையோரும், பிறர் வீட்டுக் கூத்தாகத் தோன்றிய இரண்டு அங்கங்களைச் சுவைத்தனர். மூன்றாம் அங்கத்தில் அது தம் வீட்டுக் கூத்து என்று பட்டவுடன் வெகுண்டனர். ஒரு சொல் அதற்குச் சாக்காயிற்று. உண்மையில் அவர்களைத் தாக்கியது அச்சொல் அன்று. நம் குடும்பங்களில் நாம் மூடிவைத்திருப்பதை இவன் திறந்து காட்டுகிறானே என்ற கூச்சம்தான். ஆகவே, அன்று அரங்கில் எழுந்த கூச்சல், நாடகம் தோற்றதற்கு அன்று, தைத்ததற்கே சான்று.

இதன்பின் நிகழ்ந்தவற்றையும் அறிந்துகொள்ளுங்கள். ஸிங் நெடுநாள் வாழவில்லை. பெகீனாக நடித்த மாலி ஆல்குட் என்னும் நங்கையை மணக்க உறுதி செய்திருந்தும், மணம் நிறைவேறுமுன் 1909 மார்ச் 24ஆம் நாள் தம் 37ஆம் வயதில் மறைந்தார். 1911இல் அபி குழுவினர் அமெரிக்கா சென்றபோது, நியூயார்க்கில் குடியேறியிருந்த ஐரிஷ் மக்கள் மேடைமேல் கையில் கிடைத்ததை வீசினர். 1912 சனவரியில் ஃபிலடெல்ஃபியாவில் நடிகர்கள் கைது செய்யப்பட்டனர். பின்னர் வழக்கு தள்ளுபடியாயிற்று. அதே அபி அரங்கில்தான் 1913இல் தாகூரின் ‘அஞ்சல் நிலையம்’ நடிக்கப்பெற்றது என்பது நமக்கு உவப்பளிக்கும் செய்தி. அயர்லாந்து தன்னாட்சி பெற்றபின், 1925இல் அவ்வரங்கு அரசின் மானியம் பெற்றது. மறு ஆண்டே ஷான் ஓகேஸியின் நாடகம் ஒன்றுக்கு எதிராகக் குழப்பம் மூண்டபோது, யேட்ஸ் மேடையேறி, மீண்டும் உங்களுக்கே இழிவு தேடிக்கொண்டீர்கள் என்னும் கருத்துப்பட முழங்கினார். பழைய அரங்கு 1951இல் தீக்கிரையாயிற்று. புதிய அரங்கு 1966இல் திறக்கப்பட்டது. நாட்டுக்கு இழுக்கு என்று ஏசப்பட்ட ஸிங்கின் நாடகம், நாட்டின் செல்வங்களுள் ஒன்றாக இன்று போற்றப்படுகிறது. 1984இல் முஸ்தபா மாத்துரா என்னும் நாடக ஆசிரியர் அதனை டிரினிடாட் தீவின் கதையாக மாற்றி எழுதினார். தந்தையும் மகனும் எங்கும் உள்ளவர்களே அன்றோ!

இதனால் மாணவர் அறியத்தக்கவை இரண்டு. உங்களுள் நாடகம் எழுதவும் நடிக்கவும் விழைவோர் பலர் இருக்கலாம். குடும்பத்தின் குறையை நகைச்சுவையாக்க விரும்பினால், குறையுடையவனை முதலில் நேசியுங்கள். நேசமின்றிச் சிரித்தால் அது பழைய கோமாளிக்கூத்தாகிவிடும். நடிக்கும்போதும், இது சிரிப்பு நாடகம் என்று எண்ணிக் குறும்பு செய்யாதீர்கள். பாத்திரம் தன் துன்பத்தை முழுமனத்தோடு நம்பினால், சிரிப்பு தானே வரும்.

மற்றொன்று, அவையில் அமர்வோருக்கு உரியது. ஒரு நாடகம் உங்களைப் புண்படுத்தலாம். அப்போது எதிர்த்துப் பேசுங்கள், எழுதுங்கள், அபி அரங்கில் கூடியதுபோன்ற விவாதத்தைக் கூட்டுங்கள். ஆனால், பேசுபவன் சொல்லை முழுவதும் கேட்டபின் அதனைச் செய்யுங்கள். அந்தத் திங்கட்கிழமை காலால் உதைத்தவர்கள், கடைசிக் காட்சியில் கிறிஸ்டியும் அவன் தந்தையும் ஒருவரையொருவர் புரிந்துகொண்டு புறப்படுவதைக் கேட்காமலே வீடு திரும்பினார்கள். அவர்கள் இழந்தது அதுதான்.